அந்தக் குழுவைக் கலைக்காதீர்கள்

உட்கார இடமில்லாமல் கைப்பேசியோடு பின்னால் நிற்கிற தம்பி தங்கைகளே! அதைப் பைக்குள் வைக்காதீர்கள். நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

ஒரு பெண். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே அறைக்குக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பொறியியல் இரண்டாமாண்டு. அவள் குடும்பத்தில் அவள்தான் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின். செமஸ்டர் நெருங்குகிற நேரம், ராத்திரி பதினொரு மணி. ஒரு பையன் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறான்: "இன்வர்ஸ் லாப்லாஸ், ஆன்சர் வரமாட்டேங்குது." அவள் விடையைப் போடவில்லை. அங்கேதான் நிற்கிறாள் அந்தப் பெண்! அவன் போட்ட படத்திலேயே, பார்ஷியல் பிராக்‌ஷன் பிரித்த வரியில், சிவப்பாக ஒரு வட்டம். கூடவே ஒரு வாய்ஸ்: "இந்த லைன்ல மைனஸை விட்டுட்ட பாரு. சரி பண்ணிட்டு நீயே முடி." அவன் முடித்தான். அதே வரியில் சறுக்கிய இன்னும் நாலு பேரும் முடித்தார்கள்.

இந்தக் குழுவைத்தான் சுற்றறிக்கை விட்டுக் கலைக்கச் சொன்னது ஒரு கல்லூரி. எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள்.

நான் கேட்கிறேன். 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, தமிழ்நாடு அரசே 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா தருகிறேன், படியுங்கள் என்று அறிவித்ததே! கொரோனாக் காலத்தில் கைப்பேசி வகுப்பறை. கல்லூரி வாசல் திறந்ததும் அது குற்றவாளியா? மேடைக்கு மேடை சிலர் முழங்குகிறார்கள், செல்போனால் ஒரு தலைமுறையே நாசமாம். ஐயா, அந்தப் பேச்சை வீடியோ எடுத்து முதல் வேலையாக யூடியூபில் ஏற்றுகிறவர் யார்? நீங்கள்தானே!

கைதட்டல் போதும். இன்னொரு பிள்ளையின் கதை இருக்கிறது.

கனடா, டொரன்டோ. 2008. ரையர்சன் பல்கலைக்கழகம், இன்றைக்கு அதன் பெயர் டொரன்டோ மெட்ரோபாலிடன் பல்கலைக்கழகம். முதலாண்டுப் பொறியியல் மாணவர் ஒருவர், வேதியியல் வீட்டுப்பாடத்துக்கு பேஸ்புக்கில் குழு நடத்தினார். 146 பேர் சேர்ந்தார்கள். அவர் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு எத்தனை தெரியுமா? 147! தலைக்கு ஒன்று, குழு நடத்தியதற்கு ஒன்று. கல்லூரியை விட்டே துரத்தப் பார்த்தார்கள். கடைசியில் துரத்தவில்லை, அந்த வீட்டுப்பாடத்துக்குப் பூஜ்யம் போட்டார்கள். ஒன்றை மறைக்க மாட்டேன். தனியாகச் செய்யுங்கள் என்று ஆசிரியர் சொல்லியிருந்த கணக்குக்கு, விடையைப் போடுங்கள் என்று அந்தக் குழுவில் எழுதியிருந்தது. அது தவறு. ஆனால் நூலக மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசினால் படிப்பு, அதையே திரையில் பேசினால் திருட்டு என்றால், அந்த நியாயம் எனக்குப் புரியவில்லை.

சேர்ந்து படிப்பதன் வலிமையைக் கண்முன் காட்டியவர் யூரி ட்ரைஸ்மன். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகம், 1970-களின் பிற்பகுதி. கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று தேடிப் போனார். சோம்பலா? இல்லை. அக்கறையில்லாத குடும்பமா? அதுவும் இல்லை. மணிக்கணக்கில் படிக்கிறார்கள், ஆனால் தனியாகப் படிக்கிறார்கள். நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்களோ கூடி உட்கார்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் திருத்துகிறார்கள். ட்ரைஸ்மன் எளிய டியூஷன் வைக்கவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்து, எல்லோரையும் கூட்டி உட்காரவைத்தார். தோற்றவர்கள் ஜெயித்தார்கள்.

நம் ஊரில் ஹாஸ்டல் பிள்ளைக்கு அந்தக் கூட்டம் பக்கத்து அறையிலேயே கிடைக்கிறது. மூன்று மணிக்குக் கல்லூரிப் பேருந்தைப் பிடித்து, ஒன்றரை மணி நேரம் போய், கிராமத்தில் இறங்குகிற பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? அண்ணனும் கல்லூரி போனதில்லை. தெருவில் லாப்லாஸ் தெரிந்தவரும் இல்லை. அந்தக் குழுதான் அவளுக்கு ஹாஸ்டல்! அதைக் கலைத்தால் யார் அரியர் வைப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

குப்பையும் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். விடிந்தால் குட்மார்னிங் படம், தேர்வுக்கு முதல்நாள் 'லீக்கான கொஸ்டின் பேப்பர்' என்று ஒரு புரளி. அதை அட்மின் நீக்கட்டும். அதற்காகக் குழுவையே மூடுவதா?

பேராசிரியர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். வேவு பார்க்க அல்ல, வாரம் ஒரு கடினமான கணக்கு கொடுக்க அந்தக் குழுவுக்குள் வாருங்கள். இரண்டு நாள் வாய் திறக்காதீர்கள். பிள்ளைகள் அடித்துப் பிடித்து வாதாடட்டும், மூன்றாம் நாள் திருத்துங்கள். தம்பிகளே, விடை கேட்காதீர்கள், எந்த வரியில் நின்றுபோனீர்கள் என்று கேளுங்கள். அந்தச் சுற்றறிக்கையில் கையெழுத்திட்டவர் இந்த அரங்கில் இருந்தால், திங்கட்கிழமையே அதைத் திரும்பப் பெறுங்கள் ஐயா.