பட்டத்திற்குப் பின் படிப்பு



எங்கள் சிகிச்சைக் கூடத்திற்கு வருகின்ற தமிழர்களில் பலர், முழங்காலைக் காட்டுவதற்கு முன்னர்த் தம் கைபேசியைக் காட்டுகின்றனர். மதுரையிலுள்ள மைத்துனரோ சேலத்திலுள்ள தமக்கையோ அனுப்பிய காணொளி ஒன்று அதில் ஓடிக்கொண்டிருக்கும். "இந்தப் பயிற்சியை நான் செய்யலாமா, சார்?" என்று கேட்பார்கள். மும்பையில் பல்லாண்டுகளாகத் தொழில் புரிந்துவரும் நாங்கள் சிலர், முன்னெல்லாம் இக்கேள்வியைக் கேட்டுப் புன்னகை செய்துவிட்டு வேறு பேச்சுக்குச் சென்றுவிடுவோம். அவ்வாறு புன்னகைக்க எங்களுக்கு உரிமையில்லை என்பது பின்னர்தான் விளங்கிற்று. நாங்களும் அதே கைபேசியில்தானே படித்துக்கொண்டிருக்கின்றோம்! பட்டம் பெற்றுத் தொழிலில் இறங்கியவர்கள் அதற்குப் பின்னர் எங்கே, யாரிடம் கற்கின்றார்கள் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம்.

நீங்கள் பிசியோதெரபி என்று வழங்கும் இயன்முறை மருத்துவம் இந்நாட்டில் மிகப் பழைய தொழில் அன்று. 1952-ஆம் ஆண்டில் பம்பாயில் இளம்பிள்ளைவாதம் பரவியதை அடுத்து, 1953-இல் அந்நகரத்துக் கே.இ.எம். மருத்துவமனையில், உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு இதற்கான முதற் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. அன்றும் இன்றும் இது கையால் கற்க வேண்டிய வித்தை. ஆசிரியர் மாணவனின் கைமேல் தம் கையை வைத்து, 'இவ்வளவு அழுத்தம் போதும், இதற்குமேல் வேண்டா' என்று உணர்த்துவார். பட்டம் பெற்றவுடன் அந்தக் கை விலகிவிடுகின்றது. ஓர் அறை, ஒரு திரைச்சீலை, நான்கு இயந்திரங்கள் ஆகியவற்றோடு தனித்து அமர்கின்றவருக்குத் தவற்றை எடுத்துச் சொல்வார் யார்? நோயாளி சொல்லமாட்டார், குணமடையாதவர் மறுபடி வாராமல் நின்றுவிடுவார், அவ்வளவே. அயல்நாட்டு ஆராய்ச்சி இதழ்களின் சந்தாவோ எங்களுக்கு எட்டாத தொகை. ஆதலால், கல்லூரியில் கற்றதையே இருபது ஆண்டுகள் செய்துகொண்டிருப்பது எங்களிடையே இயல்பாக இருந்தது.

எங்கள் சொந்தக் கதையையே சொல்கின்றோம். இடுப்புவலி என்று வந்தவர் எவராயினும் இழுவைக் கட்டிலில் கிடத்துவோம், பின்னர் அல்ட்ராசவுண்டு, அதன்பின் ஐ.எஃப்.டி. எனப்படும் மின்சிகிச்சை. பத்து நாள்கள் வரச் சொல்வோம். 2016-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் என்னும் அமைப்பு இடுப்புவலிக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. இழுவை வேண்டா, அல்ட்ராசவுண்டு வேண்டா, அந்த மின்சிகிச்சையும் வேண்டா என்று அதில் எழுதியிருந்தார்கள். உடற்பயிற்சி செய்யவும் அன்றாட வேலைகளை விடாது நடத்தவும் நோயாளிக்குத் துணை நிற்பதே முறை என்றும் கண்டிருந்தது. நாடெங்குமுள்ள சிகிச்சையாளர் இருநூறு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு ஒன்றில் நாங்கள் உறுப்பினர்கள். அதில் சென்னையிலுள்ள இளைஞர் ஒருவர் இரவு பதினொரு மணிக்கு அனுப்பிய செய்தியின் வாயிலாகத்தான் இது எங்களை எட்டிற்று.

எங்களுக்கு முதலில் வந்தது கோபமே. கடன்பட்டு வாங்கிய இயந்திரங்கள்! இயந்திரம் வையாத சிகிச்சையைச் சிகிச்சை என்றே நோயாளி கருதுவதில்லையே! குழுவில் பத்து நாள்கள் சண்டை நடந்தது. "குளிர்நாட்டார் எழுதியது நம் நாட்டு உடலுக்குப் பொருந்துமா?" என்று எங்களுள் மூத்தவர் கேட்டார். கேட்கத்தக்க கேள்விதான். இளைஞரோ விடவில்லை. சிட்னி நகரிலிருந்து 1999 முதல் நடத்தப்பெற்று வரும் பெட்ரோ என்னும் இணையக் களஞ்சியத்தைக் காட்டினார். இத்துறையில் நடந்த சோதனை ஆய்வுகளை அங்கே கட்டணமின்றித் தேடலாம்; ஓர் ஆய்வு எவ்வளவு செம்மையாக நடத்தப்பட்டது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் இட்டிருக்கின்றார்கள். நாங்கள் நம்பிக்கொண்டிருந்தவற்றிற்கு அங்கே சான்று தேடினோம். கிடைத்தது சொற்பம். இழுவைக் கட்டில் இன்று எங்கள் கூடத்தில் துண்டுகளை மடித்து வைக்கப் பயன்படுகின்றது. ஓராண்டுக் காலம் வருமானம் குறைந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆயினும் இணையத்தில் வருவதெல்லாம் அறிவு என்று யாரும் எண்ணிவிட வேண்டா. கழுத்தைச் சொடுக்கும் ஓசையை ஒலிவாங்கி வைத்துப் பெரிதாக்கிக் காட்டும் காணொளிகளைத் திரள்திரளாக மக்கள் பார்க்கின்றனர். இரண்டே நாள்களில் கைத்திறனைக் கற்பித்துச் சான்றிதழும் தருவதாக விளம்பரங்கள் வருகின்றன. துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் நிறைவேறி, இத்தொழிலோருக்கெனப் பதிவேடுகளை வகுத்திருக்கின்றது. காணொளியை எத்தனை பேர் பார்த்தனர் என்னும் கணக்குக்கு அப்பதிவேட்டில் இடமில்லை! திரையில் மூட்டு அசைவது தெரியும்; அசைவு எந்த இடத்தில் தடைப்படுகின்றது என்பது விரலுக்கு மட்டுமே தெரியும். ஆகையால் இரண்டு மாதங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவில் ஒருவர் வீட்டில் கூடி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துப் பழகி வருகின்றோம்.

எங்களைத் தலைகுனியச் செய்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. பக்கவாதத்தால் வலப்புறம் செயலிழந்த தமிழர் ஒருவர், ஏழு வாரங்கள் கழித்துக் கோலின்றிப் பன்னிரண்டு அடி நடந்தார். எங்களுள் ஒருவர் மகிழ்ச்சி மிகுதியால் அதைப் படம்பிடித்துக் குழுவில் இட்டார். 'எடுக்கலாமா?' என்று கேட்டபோது அவர் தலையசைத்தார் என்பதும் உண்மை. குழுவிலிருந்த எவரோ அதை வேறிடத்திற்கு அனுப்ப, இரண்டே நாள்களில் அது அவருடைய சொந்த ஊருக்குச் சென்றுவிட்டது. மகனுக்கு நோய் கண்டதே அவருடைய தாய்க்குத் தெரியாது. எண்பது வயதில் தாங்கமாட்டார் என்று கருதி, "வேலை அதிகம் அம்மா, பொங்கலுக்கு வருகிறேன்" என்று மருமகளைக் கொண்டு சொல்லச் செய்து மறைத்து வந்திருக்கின்றார். ஊரைவிட்டு வாழும் நமக்கு இந்தப் பொய்யின் பொருள் விளங்கும். வாய் கோணிய முகத்தோடு மகன் தடுமாறி நடப்பதை, அண்டை வீட்டுப் பிள்ளையின் கைபேசியில் அந்த அம்மையார் கண்டார். மகன் எங்களை வையவில்லை. "அம்மாவிடம் நானே சொல்லியிருப்பேனே, சார்" என்று திக்கித்திக்கிச் சொன்னார். அதன்பின் வரவில்லை. வந்திருந்தால் கைவிரல்களும் ஓரளவு மீண்டிருக்கக்கூடும்.

இசைவு என்பது விவரம் அறிந்து, தானே விரும்பித் தருவதாக இருத்தல் வேண்டும் என்று தனிநபர் தரவுகளைக் காக்க 2023-இல் இயற்றப்பட்ட சட்டமும் கூறுகின்றது. எங்களுக்கோ அதைக் கற்பித்தவர் அவரே. இப்பொழுது முகம், குரல், பெயர், ஊர் எதுவும் குழுவில் இடுவதில்லை. ஐயம் ஏற்பட்டால் வயதையும் நோயின் தன்மையையும் எழுத்தில் குறித்துக் கேட்கின்றோம். உங்களையும் எவரேனும் படமெடுக்க விரும்பினால், எதற்காக, யார் பார்ப்பார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். மறுத்தால் சிகிச்சை குறையாது.

இவ்வளவும் கண்ட பின்னரும் குழுவைவிட்டு நாங்கள் விலகவில்லை. அண்மையில் கல்கத்தாவிலிருந்து வங்காளிச் சிகிச்சையாளர் ஒருவர் எழுதினார். மகன் வீட்டிற்கு வந்திருந்த தமிழ் மூதாட்டி ஒருவருக்கு முழங்கால் மாற்று அறுவை நடந்திருக்கின்றது. தமிழன்றி ஒரு சொல்லும் அறியார். பகலில் மகன் அலுவலகம் சென்றுவிடுகின்றார். என்ன செய்வது? 'குதிகாலை ஊன்றுங்கள்', 'மூச்சை அடக்காதீர்கள்', 'வலித்தால் கையை உயர்த்துங்கள்' என்று பத்துத் தொடர்களை மெல்லப் பேசிப் பதிவு செய்து அனுப்பினோம். 'பாட்டி' என்று விளிப்பதா, 'அம்மா' என்று விளிப்பதா என்பதில் எங்களுக்குள் அரைமணி நேர வாதம், அம்மா வென்றது. நான்கு நாள்கள் கழித்து அவர் இரண்டே வரி எழுதினார். 'முழங்கால்' என்பதில் தமக்கு ழகரம் வரவில்லை என்று அந்த அம்மையார் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாராம். அந்தச் சிரிப்பில் காலைப் பத்து முறை மடக்கி நீட்டிவிட்டாராம்.