இசைவாணைக்கு முந்திய குற்றச்சாட்டு

(மும்பை தாராவியில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



தாராவி மறுசீரமைப்பில் இலவச வீடு பெற, 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று காட்டியாக வேண்டும். தாள் இல்லையேல் தகுதி இல்லை. ஏழையின் காகிதத்தில் தேதியைத் தேடும் அரசு தன் காகிதத்தின் தேதியை எவ்வாறு பார்க்கிறது? பேராசிரியர் ஜி.என். சாய்பாபா வழக்கு அதைக் காட்டுகிறது.

அரசின் இசைவாணையின்றி எந்த நீதிமன்றமும் வழக்கை விசாரணைக்கு ஏற்கக் கூடாது என்கிறது ஊபா சட்டத்தின் 45ஆவது பிரிவு. அதற்கு முன்பாக, திரட்டப்பட்ட சாட்சியங்களை ஓர் அதிகார அமைப்பு சுயேச்சையாகப் பரிசீலிக்க வேண்டும். இது 2008ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த பாதுகாப்பு. (ஆங்கிலத்தில் ‘சாங்ஷன்’ என்ற சொல்லுக்கு இசைவு என்றும் தண்டனை என்றும் இரு பொருள் உண்டு. இவ்வழக்கில் இரண்டாவது பொருளே முந்திக்கொண்டது.)

சாய்பாபா மீது குற்றச்சாட்டு வனையப்பட்டது 2015 பிப்ரவரியில். இசைவாணை பிறந்ததோ ஏப்ரல் 6 அன்று. மற்ற ஐவருக்கான பரிசீலனை அறிக்கையில் காரணமே கூறப்படவில்லை. ஆயினும் 2017 மார்ச்சில் கட்சிரோலி அமர்வு நீதிமன்றம் சாய்பாபா உள்ளிட்ட ஐவருக்கு ஆயுள் தண்டனையும் ஒருவருக்குப் பத்தாண்டுச் சிறையும் விதித்தது.

2022 அக்டோபர் 14 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு அத்தண்டனைகளை ரத்து செய்தது. சட்டம் எவ்வளவு கடுமையானதோ, அதிலுள்ள பாதுகாப்புகளை அவ்வளவு கண்டிப்பாகப் பொருள்கொள்ள வேண்டும் என்பதே நீதிபதிகள் ரோஹித் தேவ், அனில் பன்சாரே ஆகியோரின் விளக்கம்.

நடைமுறைப் பிழைக்காகக் குற்றவாளியை விடுவதா என்று கேட்போர் உண்டு. ஊபாவில் 43டி(5) பிரிவு பிணையின் கதவை ஏறக்குறைய அடைத்துவிடுகிறது. விசாரணைக்கு முன்பு, காவல்துறை அல்லாத ஒருவர் சாட்சியத்தைப் பார்க்கும் வாசல் இந்த இசைவாணைதான். திருச்சி மண்ணில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, 43டி(5) பிரிவை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்த சில நாட்களிலேயே, 2021 ஜூலை 5 அன்று இதே மும்பையில் விசாரணைக் கைதியாக இறந்தார்.

நாக்பூர் தீர்ப்புக்கு மறுநாள் சனிக்கிழமை. விடுமுறையிலும் கூடிய உச்சநீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. 2023 ஏப்ரலில் ரத்து செய்து, வேறு அமர்வு விசாரிக்கப் பணித்தது. அந்த அமர்வும் 2024 மார்ச் 5 அன்று அனைவரையும் விடுவித்தது. இசைவாணை செல்லாது, குற்றமும் நிரூபிக்கப்படவில்லை என்றது. கம்யூனிச இலக்கியத்தை இணையத்தில் பதிவிறக்குவது மட்டுமே குற்றமாகாது என்றும் கூறியது.

அறுவரில் ஒருவரான பழங்குடி இளைஞர் பாண்டு நரோட்டே 2022 ஆகஸ்டிலேயே, முதல் தீர்ப்பைக்கூடக் காணாமல், சிறைவாசத்தில் மாண்டார். சக்கர நாற்காலியில் வெளிவந்த சாய்பாபா ஏழு மாதங்களே வாழ்ந்தார்.