விழுந்தபின் முதல் சில மணித்தியாலங்கள்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் என்பு முறிவைப் பற்றிய பேச்சா என்று சிலர் நினைக்கலாம். இந்த மண்டபத்தில் மூன்று தலைமுறைப் பெண்கள் இருக்கிறோம். ஒவ்வொரு வயதிலும் அதிகம் காணப்படும் முறிவு ஒன்று உண்டு.

முதலாவது, பிள்ளைகளின் முழங்கை. கொய்யா மரத்திலிருந்து விழும் பிள்ளை கையை ஊன்றும்போது முழங்கைக்குச் சற்று மேலே என்பு முறிகிறது. கைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி அதற்கு முன்னாலேயே ஓடுகிறது. அந்த இடத்தை உருவினாலோ இறுக்கிக் கட்டினாலோ இரத்த ஓட்டம் தடைப்படலாம். சில மணித்தியாலங்களிலேயே தசை அழிந்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிவிடும். ஜேர்மனிய வைத்தியர் வொல்க்மன் 1881இல் இதை விளக்கினார். விரல்கள் குளிர்ந்தால், வெளிறினால், விறைத்தால், நீட்டும்போது தாங்கமுடியாமல் வலித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

இரண்டாவது, ஐம்பதைத் தாண்டியவர்களின் மணிக்கட்டு. மாதவிடாய் நின்றபின் என்பின் அடர்த்தி குறைகிறது. கிணற்றடியில் வழுக்கி உள்ளங்கையை ஊன்றினாலே ஆரை என்பு முறியலாம். டப்ளின் வைத்தியர் கொலிஸ் 1814இல், எக்ஸ்ரே வருவதற்கு 81 ஆண்டுகள் முன்பே, இம்முறிவை விபரித்தார். கை வீங்குமுன் காப்பையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். விலகிய என்பை நேராக்கி ஏறத்தாழ 6 வாரம் பிளாஸ்டர் போடுவார்கள். சிலருக்குத் தகடு வைக்க வேண்டிவரும். பிளாஸ்டர் இருக்கும்போதும் விரல்களை அசைத்துக்கொண்டே இருங்கள்.

மூன்றாவது, அம்மம்மாவின் இடுப்பு. விழுந்தவரின் கால் குறுகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் தொடை என்பின் கழுத்து முறிந்திருக்கலாம். "வயது போன மனுசிக்கு ஒப்பரேஷன் ஏன்?" என்று வீட்டில் படுக்கவைத்துவிடுகிறோம். அந்தப் படுக்கைதான் ஆபத்து. நியூமோனியா, படுக்கைப்புண், காலில் இரத்தம் உறைதல் எல்லாம் அதனால் வருபவை. இயன்றவரை இரண்டு நாட்களுக்குள் சத்திரசிகிச்சை செய்தால், பலரை மறுநாளே எழுப்பி இருத்துவார்கள்.

எங்கள் ஊர்களில் பரம்பரை முறிவு வைத்தியர்கள் இருக்கிறார்கள். அருகே கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவமும் கற்பிக்கப்படுகிறது. அவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. எங்கே, எப்படி முறிந்தது என்று எக்ஸ்ரேயில் பார்க்கமுன் உருவவும் வேண்டாம், பத்துப் போடவும் வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

முறிந்த இடத்துக்கு மேலும் கீழுமுள்ள மூட்டுகள் அசையாதபடி பலகையோ மட்டையோ வைத்து, இறுக்காமல் கட்டுங்கள். காயம் இருந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள். 1990 இலக்கத்தை அழையுங்கள்; அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வீட்டில் யாராவது விழுந்தால், "நாளைக்குப் பார்ப்போம்" என்ற பேச்சு எழும். அப்போது "இல்லை, இப்போதே போவோம்" என்று சொல்பவர் இந்தப் பாடசாலையில் படித்த பெண்ணாக இருக்கட்டும்.