திங்கட்கிழமை சொன்ன காயம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். தண்ணீர் லாரிக் கணக்கு காத்திருப்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களில் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, தேர்வாய்க்கண்டிகையிலோ, காக்களூர் தொழிற்பேட்டையிலோ சூப்பர்வைசராக, ஹெச்.ஆர். ஆக, சிறு பட்டறை முதலாளியாக இருக்கிறீர்கள். ஒரு தொழிலாளி வந்து நிற்கிறார். "சார், வெள்ளிக்கிழமை நைட் ஷிப்டுல இரும்பு தூக்கும்போது இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்கிறார். இன்று திங்கள். உங்களுக்கு முதலில் என்ன தோன்றும்? ஞாயிற்றுக்கிழமை பைக்கிலிருந்து விழுந்துவிட்டு நம் கணக்கில் எழுதப் பார்க்கிறார் என்றுதானே?

சில நேரம் அப்படியும் இருக்கலாம். ஆனால் "அன்னைக்கே சொல்லலையே, இப்ப ஒண்ணும் பண்ண முடியாது" என்று திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. ஈ.எஸ்.ஐ. விதிப்படி தொழிலாளி வாயால் சொன்னாலே தகவல்தான். அந்தத் தகவல் உங்களுக்குக் கிடைத்ததிலிருந்து 24 மணி நேரத்துக்குள் படிவம் 12-இல் விபத்து அறிக்கை போக வேண்டும். கடுமையான காயம் என்றால் உடனே. ஈ.எஸ்.ஐ. இல்லாத இடங்களுக்கு 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் போட்ட விதி இருக்கிறது: கோரிக்கை வைக்க 2 ஆண்டு. தகுந்த காரணம் இருந்தால் அதற்குப் பிறகும் ஏற்கலாம். 2 ஆண்டு எங்கே, 3 நாள் எங்கே!

ஏன் தாமதமாகச் சொல்கிறார்கள்? பாதி காரணம் உடம்பு. வேலைச் சூட்டில் தசைப்பிடிப்பு தெரியாது, மறுநாள் எழுந்திருக்க முடியாது. கிரைண்டிங்கில் தெறித்த துகள் கண்ணில் முதலில் வெறும் உறுத்தல்தான். சர்க்கரை முற்றி காலில் உணர்வு குறைந்தவருக்குப் பாதத்தில் கம்பி குத்தியதே தெரியாமல் போகலாம்.

மீதிக் காரணம் நாம். கேட்டில் "விபத்தில்லா நாட்கள்" என்று பலகை மாட்டி, பரிசும் அறிவித்துவிட்டால், தன்னால் அது பூஜ்யமாக எவருக்கு மனம் வரும்? அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும். கான்ட்ராக்டர் "ஊருக்குக் கிளம்பு" என்பார். ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்கு, இந்தி தெரிந்த சூப்பர்வைசர் பகல் ஷிப்டில் மட்டும்தான் கிடைப்பார். காயத்தைச் சொல்ல விடாமல் தடுக்கும் நடைமுறையே தவறு என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை 2016-இல் விதியே கொண்டுவந்தது.

நான் அதிகம் பயப்படுவது மறுப்பைப் பார்த்து அல்ல, சமரசத்தைப் பார்த்து. "விபத்துன்னு எழுதினா பிரச்சினை, காய்ச்சல்னு லீவு போட்டுக்கோ" என்பது. கேட்க இரக்கமாக இருக்கும். ஆனால் பணியிடக் காயம் என்றால் ஈ.எஸ்.ஐ.யில் சராசரிக் கூலியில் 90 சதவீதம், குணமாகும் வரை. அதற்கு வேலையில் சேர்ந்த முதல் நாளே தகுதி. சாதாரண நோய் என்றால் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்தான், அதற்கும் சந்தா கட்டிய நாள் கணக்கு உண்டு. நாளைக்கு அந்த இடுப்பு நிரந்தரமாக வளைந்துபோனால், ஊனத்துக்கான மாதாந்தரத் தொகை கேட்க அவர் கையில் ஒரு காகிதமும் இருக்காது.

ஆகவே முதலில் டாக்டர். பிறகு பதிவேடு. அதில் இரண்டு தேதியும் வேண்டும்: காயம் பட்ட நாள், சொன்ன நாள். "ஒழுங்காக இருக்கட்டும்" என்று காயம் பட்ட தேதியையே திங்கட்கிழமைக்கு மாற்றி எழுதுபவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். டாக்டர் சீட்டோடு அது முரண்படும். உண்மையான காயமும் பொய்யாகிவிடும். அப்புறம் நிதானமாக விசாரியுங்கள். எந்த மெஷின், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். கேமரா பதிவை அன்றே எடுத்து வையுங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். சந்தேகம் இருந்தால் அதையும் அறிக்கையில் எழுதலாம். ஏற்பதா மறுப்பதா என்பதை ஈ.எஸ்.ஐ. அலுவலகம் பார்த்துக்கொள்ளும், அது ஷிப்ட் இன்சார்ஜின் வேலை அல்ல.

இதெல்லாம் ஃபேக்டரிக்கு மட்டும் என்று நினைத்து விடாதீர்கள். நம் செக்யூரிட்டி அண்ணன்களும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களும் ஏஜென்சி ஆட்கள். ஈரப் படிக்கட்டில் வழுக்கினால் நம்மிடம் சொல்வதா, ஏஜென்சியிடம் சொல்வதா என்று குழம்பி, கடைசியில் யாரிடமும் சொல்லமாட்டார்கள். அடுத்த மாத பில்லுக்குக் கையெழுத்துப் போடும் முன், ஒவ்வொருவரின் ஈ.எஸ்.ஐ. எண்ணையும் ஏஜென்சியிடம் கேட்டு வாங்கும்படி கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன். அடிபட்ட பிறகுதான் கார்டே கைக்கு வருகிறது என்பதை ஹரியானா வாகன உதிரிபாகத் தொழிலாளர்களிடையே 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு தன் அறிக்கைகளில் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறது. வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது, தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்தில் அவர்கள் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் பதிய உதவுங்கள்.

கேட் கேபினில் ஒரு காயப் பதிவு நோட்டு வைக்கச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். தமிழிலோ இந்தியிலோ எழுதலாம். எழுதத் தெரியாதவருக்குப் பணியில் இருக்கும் கார்டு எழுதிக் கொடுப்பார். பேனாவை நூலில் கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன், நம் பிள்ளைகள் எடுத்துப் போய்விடுகிறார்கள்.