பூமியதிர்ச்சியும் தேசத்தின் செல்வமும்



2004 டிசம்பர் 26ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியிற் பூமி அதிர்ந்தது. அதன் அலை நம் கரையை எட்ட ஏறக்குறைய இரண்டு மணி நேரமாயிற்று. காரைதீவுக் கரையிலிருந்து மாவடிப்பள்ளிக்கு நடந்து வர அதிற் பாதி போதும். ஆனால், "ஓடுங்கள்" என்று சொல்வாரில்லை. செல்வ நாடுகள் சூழ்ந்த பசிபிக் சமுத்திரத்துக்கு எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு இல்லை. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 பேரளவில் மாண்டனர்.

2010 ஜனவரியில் ஹெயிற்றியில் அதிர்ச்சி 7.0, மாண்டோர் ஒரு இலட்சத்துக்கு மேல். பெப்ரவரியில் சிலியில் 8.8, மாண்டோர் ஏறக்குறைய 500. ஹெயிற்றியில் அது தலைநகருக்கு அருகே நிகழ்ந்தது மெய்தான். எனினும், சிலியிற் கட்டிடச் சட்டம் இருந்தது. அதை நிறைவேற்றப் பணமும் இருந்தது.

இப்போது நம் நாட்டுக் கரையிலும் எச்சரிக்கைக் கோபுரங்கள் நிற்கின்றன. அவை ஒலிக்குமா என்று ஆண்டுதோறும் கச்சேரியில் விசாரிக்க நம் சங்கத்துக்குச் செலவொன்றுமில்லை.