தாலாட்டும் துயிலின் ஒழுங்கும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிதை வெற்றி பெறக் கேட்போர் விழித்திருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. கவியரங்கில் முன்வரிசையில் ஒருவர் கண்ணயர்ந்துவிட்டால் பாடுபவர்க்கு முகம் வாடிவிடும். இந்த விதிக்குப் புறனடையாக நிற்கும் பா வகை ஒன்று தமிழில் உண்டு. கேட்பவர் உறங்கிவிட்டால்தான் அது வென்றது என்று பொருள். கடைசி அடியைக் கேட்கச் செவி இல்லாமற் போவதே அதன் நிறைவு. தாலாட்டு என்பது அதன் பெயர்.

தாலாட்டின் சொல்வளத்தையும் உவமை நயத்தையும் உறவுமுறைச் செய்திகளையும் அறிஞர் பலர் எடுத்துக் காட்டியுள்ளனர். அப்பாடல் எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலையை வைத்து அதனை நோக்குவதே இவ்வுரையின் நோக்கம். தாலாட்டு தனித்துப் பிறந்த பாட்டன்று. அந்தியில் தொடங்கி இருளில் முடியும் ஓர் ஒழுங்கின் இறுதிப் படி அது. அந்த ஒழுங்கை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் பெயர்த்தெடுத்தால், வேரறுத்த செடியை ஏட்டில் ஒட்டிவைப்பது போலாகும்.

பெயரும் ஒலியும்

தால் என்பது நாக்கு. நாவை ஆட்டி எழுப்பும் ஒலியே தாலாட்டு என்பர். பெயரிலேயே ஓர் உண்மை அடங்கியுள்ளது. பொருளுக்கு முன் ஒலி. சொல்லுக்கு முன் நாவின் அசைவு. ஆராரோ, ஆரிரரோ என்னும் தொடக்கத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். அங்கே உயிரொலிகளும் ரகரம் என்னும் ஓர் இடையின மெய்யும் அன்றி வேறில்லை. வல்லினம் தலைகாட்டவில்லை. நெடில் வந்து நிற்கிறது. குறில் இடையில் புகுந்து ஊசலை முன் தள்ளுகிறது. மீண்டும் நெடில் வந்து இளைப்பாறுகிறது. தூளியின் கயிறு ஒருமுறை இழுபட்டுத் திரும்பும் கால அளவே அடியின் அளவு. யாப்பிலக்கணம் கல்லாத பெண்கள் இந்த அளவைக் கையால் கற்றனர்.

ஏட்டிலக்கியத்தில் தாலாட்டு

நாட்டுப்புறத்துப் பெண்களின் வாயிலிருந்த இவ்வடிவத்தை ஆழ்வார்கள் பத்திக்கு வரித்துக்கொண்டனர். பெரியாழ்வார் திருமொழியின் முதற்பத்தில் மூன்றாம் திருமொழி, கண்ணனைத் தொட்டிலிலிட்டு யசோதை பாடும் தாலாட்டாகும். நான்முகன் தொட்டில் அனுப்புகிறான். பிற தேவரும் ஆளுக்கொரு அணிகலன் அனுப்புகின்றனர். வாய்மொழித் தாலாட்டில் மாமன் சீர் கொண்டுவரும் முறைமையும் இதுவே. மாமன் நின்ற இடத்தில் தேவர் நிற்கின்றனர்; சட்டகம் மாறவில்லை.

குலசேகராழ்வார் இன்னும் ஒரு படி சென்றார். பெருமாள் திருமொழியின் எட்டாம் திருமொழி, திருக்கண்ணபுரத்து இறைவனை இராமனாகவே கண்டு பாடும் தாலாட்டு. இனி நிகழவிருக்கும் இராமகதை தொட்டிற் பிள்ளைக்கே சொல்லப்படுகிறது. அதற்கு முந்தைய ஏழாம் திருமொழியோ, தாலாட்டும் பேறு பெறாத தேவகியின் புலம்பல். பெற்றவள் அவள், பாடியவள் வேறொருத்தி. குழந்தையை உறங்கவைக்கும் அன்றாட வேலையை ஒரு பெரும்பேறாகக் கண்டு, அது கிட்டாமையை ஒரு பேரிழப்பாகப் பாடிய அந்தப் பதிகம், இப்பொருளில் தமிழ் எட்டிய உயரங்களுள் ஒன்று.

பின்னர்ப் பிள்ளைத்தமிழ் வந்தது. அதன் பத்துப் பருவங்களுள் மூன்றாவது தாலப் பருவம். பாட்டியல் மரபு அதனைக் குழந்தையின் ஏழாம் திங்களுக்கு உரியதாக வைக்கும். 20ஆம் நூற்றாண்டில் பாரதிதாசன் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் தனித்தனியே தாலாட்டு இயற்றிப் பகுத்தறிவுக் கருத்தைத் தொட்டிலுக்குக் கொண்டுவந்தார். பெண் பிறந்தால் முகம் சுளிக்கும் சமூகத்தில் பெண் மகவுக்கென ஒரு தாலாட்டு எழுதியது சிறு செயலன்று.

இவை யாவும் உயர்ந்த பாடல்களே. எனினும் பிள்ளைத்தமிழின் நீண்ட ஆசிரிய விருத்தங்கள் புலவர் அவைக்கு உரியன. வியந்து விழித்திருக்க வைப்பதே அவற்றின் இயல்பு. துயிற்றும் தொழில் வீட்டுப் பெண்களிடமே இருந்தது.

அந்தியின் ஒழுங்கு

அத்தொழில் பாட்டில் தொடங்குவதில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் விளையாட்டு அடங்கும். குழந்தையின் உடலை வெந்நீரில் துடைப்பர் அல்லது நீராட்டுவர். கையில் எண்ணெய் தொட்டுக் கால்களை நீவுவர். பழந்துணியால் போர்த்துவர். பாலூட்டித் தோளிற் சாய்த்து முதுகைத் தட்டுவர். பிறகு தூளி. விட்டத்திலிருந்து தொங்கும் கயிற்றில், பலமுறை துவைத்து மென்மையேறிய தாயின் பருத்திச் சேலை. ஈழத்தார் இதனை ஏணை என்பர். வயல்வேலைக்குச் செல்லும் பெண்டிர் மரக்கிளையிலும் இதனைக் கட்டுவர். அதன்பின்னரே பாட்டு. முதலில் ஓங்கிய குரல். பிறகு தணிந்த குரல். பிறகு சொல்லிழந்த முனகல். பிறகு கயிற்றின் ஓசை மட்டும். பிறகு அதுவும் இல்லை.

ஒவ்வொரு நாளும் இந்த வரிசை மாறாது என்பதே இதன் உயிர்நாடி. குழந்தைக்குக் கடிகாரம் தெரியாது. வெந்நீருக்குப் பின் எண்ணெய், எண்ணெய்க்குப் பின் பால், பாலுக்குப் பின் தூளி என்னும் முறையே அதற்குக் கடிகாரம். அடுத்து வருவது இன்னதென்று அறிந்த உயிர் அஞ்சுவதில்லை. எதுகையை எதிர்பார்த்துக் காத்திருக்கும் செவிக்கு அது வந்து சேரும்போது உண்டாகும் அமைதியைக் கவிஞர்கள் அறிவர். குழந்தை பெறும் அமைதியும் அவ்வகைத்தே.

ஆய்வு கூறுவது

பாட்டிமார் கைவழியே அறிந்ததை இக்கால ஆய்வு அளந்து காட்டியுள்ளது. 2009-இல் ஜோடி மின்டெல் குழுவினர் அமெரிக்காவில் 405 தாய்மாரைக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். நீராட்டல், உடல் நீவல், அணைத்தல் தாலாட்டல் போன்ற அமைதியான செயல்கள், நீராட்டி முடிந்த 30 நிமிடத்திற்குள் விளக்கணைத்தல் என்பதே வகுக்கப்பட்ட வரிசை. இரண்டே வாரம் இதனைப் பின்பற்றிய வீடுகளில் குழந்தைகள் விரைந்து உறங்கின. இரவில் விழிப்பதும் குறைந்தது. அக்குழந்தைகளுள் இளையோர் 7 முதல் 18 மாதத்தினர். பாட்டியல் தாலப் பருவத்திற்கு வகுத்த ஏழாம் திங்களும் இதுவும் ஒத்து வருவது தற்செயலே ஆயினும் இனிய தற்செயல்.

பேச்சைவிடப் பாட்டு குழந்தையை நெடுநேரம் அமைதியாக வைத்திருக்கிறது என்பது கனடாவில் கண்டறியப்பட்டது. பாட்டுக் கேட்ட குழந்தைகள் ஏறத்தாழ 9 நிமிடம் அழாதிருந்தன. பேச்சுக் கேட்டவை அதில் பாதி நேரமே தாங்கின. முன்பின் கேளாத அயல்மொழித் தாலாட்டும் குழந்தையின் இதயத் துடிப்பைத் தணிக்கிறது என்று ஆர்வர்டு பல்கலைக்கழக ஆய்வு கூறியது. அசைவின் ஆற்றலை சப்பானிய ஆய்வாளர் குமி குரோடா குழுவினர் 2022-இல் விளக்கினர். அழும் குழந்தையை எடுத்துக்கொண்டு 5 நிமிடம் நடப்பது, உறங்கிய பின்னும் உடனே கிடத்தாமல் 5 முதல் 8 நிமிடம் மடியில் வைத்து அமர்ந்திருப்பது, அதன்பின் கிடத்துவது. இதுவே அவர்கள் கூறும் முறை. உடனே கிடத்தினால் பல குழந்தைகள் விழித்துவிடுகின்றன. உறங்கிய பிறகும் ஓரிரு கண்ணி கூடுதலாகப் பாடும் தாயின் பழக்கத்திற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

ஆயினும் ஒன்று கூறியாக வேண்டும். பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் துண்டு துண்டாக உறங்கும். இரவு பகல் என்னும் உடலின் தாளம் இரண்டு, மூன்று மாதங்களில்தான் அமையத் தொடங்கும். அதுவரை எந்தத் தாலாட்டும் குழந்தையை விடியும்வரை உறங்கவைக்காது. பகலில் வெளிச்சமும் இரவில் மங்கலும் காட்டிப் பொறுத்திருப்பதே வழி. பிள்ளை விழித்திருந்தால் தாய்க்குப் பாடத் தெரியவில்லை என்று குறை கூறும் வீடுகள் இதனை அறிதல் நன்று.

பாடுபவளின் துயரம்

தாலாட்டின் உள்ளடக்கத்தில் அனைவரும் அறிந்த ஒரு பகுதி உண்டு. குழந்தை அழுகிறது, யார் அடித்தார்கள் என்று தாய் வினவுகிறாள், மாமன், அத்தை, பாட்டி என்று உறவுகள் வரிசையாக வருகின்றன, அடித்ததெல்லாம் பூச்செண்டால் என்று முடிகிறது. குழந்தைக்கு அது உறவுமுறைப் பாடம். தாய்க்கோ அது வேறு. பிறந்தகம் விட்டு வந்த பெண், அண்ணன் வருவான், சீர் கொண்டுவருவான் என்று பாடும்போது, அந்தப் பாட்டைக் கேட்க வேண்டியவன் தொட்டிலில் இல்லை. மாமியார் கொடுமையும் கணவன் பாராமுகமும் தாலாட்டில் இடம்பெறுவது இதனாலேயே. கேட்டதை வெளியே சொல்லாத ஒரே செவி குழந்தையின் செவி. தாலாட்டும் ஒப்பாரியும் உவமைகளில் பெரிதும் ஒத்திருப்பதற்கும் இதுவே காரணம் எனலாம். இரண்டும் பெண்ணுக்கு வாய்விட்டுப் பேச அளிக்கப்பட்ட இடங்கள்.

முன்னர்க் கூறிய 2009-ஆம் ஆண்டு ஆய்வில், குழந்தைகளின் உறக்கம் மட்டுமன்றித் தாய்மாரின் மனநிலையும் சீரடைந்தது. தொட்டிலை ஆட்டும் கைக்கும் ஓய்வு வேண்டும் என்பதை இது நினைவூட்டுகிறது. பாட்டிக்கும் அத்தைக்கும் மட்டுமன்றித் தந்தைக்கும் நாக்கு உண்டு. தால் என்னும் சொல்லில் ஆண் பெண் வேறுபாடு இல்லை.

பாடாத தொட்டில்கள்

பாட நேரமில்லாத தாய்மாரின் வரலாறு கசப்பானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் உழைத்த பெண்கள், வேலை நேரம் முழுதும் பிள்ளை உறங்கக் கிடக்க வேண்டி அபின் கலந்த பாலகோலி என்னும் மாத்திரையைக் கொடுத்தனர். அதற்கு முன்பே இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் காட்ஃப்ரே மருந்து என்னும் அபின் கரைசல் அதே வேலையைச் செய்தது. அந்தத் தாய்மாரைப் பழிப்பது முறையன்று. நீராட்டலுக்கும் பாட்டுக்கும் வேண்டிய ஒரு மணி நேரத்தை அவர்களிடமிருந்து ஆலைச்சங்கு பறித்துக்கொண்டது.

இன்னொரு தொட்டிலும் தமிழகத்தில் உண்டு. பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் தமிழக அரசு சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. வேண்டாம் என்று எண்ணிய பெண் மகவை அத்தொட்டிலில் விட்டுச் செல்லலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தாலாட்டுப் பாடிய மொழியில், பாட ஆளில்லாத தொட்டிலை அரசு வைக்க நேர்ந்தது. உயிரைக் காத்ததற்காக அத்தொட்டிலைப் போற்றும் அதே வேளையில், அது வேண்டியிருந்ததற்காக நாணவும் வேண்டும்.

இன்று கைப்பேசி பாடுகிறது. குரல் இனிதாகவே இருக்கலாம். ஆனால் இமை தாழ்வதைக் கண்டு குரலைத் தாழ்த்த அதற்குத் தெரியாது. ஒளிரும் திரையோ துயிலுக்குப் பகை.

கொள்வனவும் தள்ளுவனவும்

பழமை என்பதற்காக அனைத்தையும் கொள்ளுதல் கூடாது. குழந்தை இருக்கும் அறையில் சாம்பிராணிப் புகை மூட்டுவதையும், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும் மருத்துவர்கள் கடிகின்றனர். புகையும் எண்ணெயும் நுரையீரலுக்குத் தீங்கு. குழந்தையை மல்லாக்கக் கிடத்துதல் வேண்டும் என்பதும் உறுதிப்பட்டுள்ளது. 1994-இல் அமெரிக்கா இதனை இயக்கமாகவே பரப்பியபின், உறக்கத்தில் நேரும் காரணம் அறியாத சிசு மரணங்கள் அங்கே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. தூளியில் கழுத்து மடங்கவும் துணி முகத்தை மூடவும் கூடும். ஆதலால் அருகில் ஆளிருந்து ஆட்டி, உறங்கியபின் தலையணையற்ற, சமமான, உறுதியான படுக்கையில் கிடத்துதல் தக்கது. புரளக் கற்ற பிள்ளைக்குத் தூளி ஆகாது. பாட்டையும் ஒழுங்கையும் கொள்க, புகையைத் தள்ளுக.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

பத்தாண்டுகளில் கவியரங்குகள் பலவற்றை இவ்வட்டம் கண்டிருக்கும். புதுக்கவிதை, மரபு என்னும் வழக்குகளும் நடந்திருக்கும். அந்த வழக்குகள் எட்டாத ஓர் இடம் தொட்டிலடி. அங்கே படிமமும் குறியீடும் செல்லா. மூச்சுக்குள் அடங்கும் அடியும், திரும்பத் திரும்ப வரும் சொல்லும், அசைவோடு இயைந்த ஒலியும் மட்டுமே செல்லும். இன்றைய தாய்க்கும் தந்தைக்கும் பாடத்தக்க தாலாட்டைக் கவிஞர்கள் எழுதுதல் வேண்டும். பெண் குழந்தைக்கும் ஆண் குழந்தைக்கும் ஒருங்கே பொருந்துவதாக அது அமைதல் வேண்டும். வேலை முடித்துக் களைத்து வரும் ஒருவர் விளக்கைத் தணித்துவிட்டு, ஏட்டைப் பாராமல் பாட இயலுவதாக அது எளிமை பெறுதல் வேண்டும்.

அத்தகைய பாட்டுக்குக் கைதட்டல் கிடைக்காது. எழுதியவர் பெயரும் நாளடைவில் மறைந்துபோகும். நாட்டுப்புறத் தாலாட்டை முதலில் பாடியவள் பெயரை யாரும் அறிந்திலர். பாட்டு மட்டும் அடுத்த தொட்டிலுக்குச் சென்றது. ஒரு பாட்டு அடையக்கூடிய வாழ்வு அதைவிடப் பெரிது உண்டோ என்பதைக் கவிஞர் பெருமக்கள் எண்ணிப் பார்ப்பாராக.