கடன் அட்டைக் கணக்கில் மிச்சம் நிற்கும் பணம்

வழக்கமாக நான் பயிருக்கு வரும் பூச்சி, நோய் பற்றித்தான் உங்களிடம் பேசுவேன். இன்றைக்கு பாஸ்புக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். பூச்சியைவிட இது அதிகம் தின்றுவிடுகிறது என்பதால்தான்.

பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சம்பா வயலைப் பார்த்துவிட்டு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். நான்கு ஏக்கர் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் ஏ.டி.எம். சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார். "சார், பயிர் இன்சூரன்ஸ் பணம் வந்திருச்சுங்க. ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம்! அறுபதாயிரம் எடுத்து மகளுக்கு வளைகாப்புச் சீர் செஞ்சுட்டேன்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. எனக்குத்தான் பகீர் என்றது. பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். வந்த இழப்பீடு 22,000 ரூபாய்தான். மீதி 1,50,000 அவருடைய கிசான் கிரெடிட் கார்டின் கடன் வரம்பு. மிஷின் இரண்டையும் கூட்டி, 'எடுக்கக்கூடிய தொகை' என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டது. அவர் எடுத்த 60,000-ல் 22,000 சொந்தப் பணம், 38,000 கடன். வட்டி அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிட்டது.

கடன் கணக்கில் மிச்சப் பணம் எப்படி வரும் என்று கேட்பீர்கள். 1998-ல் வந்த இந்தக் கடன் அட்டை, பழைய பயிர்க் கடன் மாதிரி ஒரே தடவை வாங்கி ஒரே தடவை கட்டுவதல்ல. வரம்புக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம், கட்டலாம். கிணறு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இறைப்பதும் ஊறுவதுமாக இருக்கும். அறுப்பு முடிந்ததும் பாக்கி முழுவதையும் கட்டிவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு பயிர்க் காப்பீட்டு இழப்பீடு அந்தக் கணக்குக்கே வந்து சேருகிறது. அல்லது தவணை தவறாமல் கட்டியவருக்கு உள்ள வட்டிச் சலுகையை வங்கி பின்னால் வரவு வைக்கிறது. சில பேர் 48,300 கட்ட வேண்டிய இடத்தில் 50,000-ஆகக் கட்டிவிட்டு வருவார்கள். இப்படியெல்லாம் வருவதுதான் மிச்சம். அது உங்கள் பணம். வங்கியின் தயவு அல்ல.

பாஸ்புக்கில் தொகைக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து இருக்கும். 'டி.ஆர்.' என்றால் பற்று, நீங்கள் வங்கிக்குத் தரவேண்டியது. 'சி.ஆர்.' என்றால் வரவு, வங்கி உங்களுக்குத் தரவேண்டியது. சேமிப்புக் கணக்கில் சி.ஆர். பார்த்துப் பழகியவர்களே கடன் கணக்கில் பார்த்தால் குழம்பிப்போகிறார்கள். வரவாக நின்ற பணத்தைக் கடன் என்று நினைத்து, கைமாற்று வாங்கி இன்னொரு தடவை கட்டியவரையும் நான் பார்த்திருக்கிறேன். ஏ.டி.எம். சீட்டை மட்டும் நம்பாதீர்கள். பாஸ்புக்கை வரிபோட்டு வாங்கி, அந்த இரண்டு எழுத்தைப் பாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்களே, அவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, மிச்சம் இருக்கிறது. என்ன செய்யலாம்? நாற்று விட இன்னும் ஒரு மாதம்தான் என்றால் பேசாமல் அப்படியே விட்டுவிடுங்கள். உரத்துக்கும் நடவுக் கூலிக்கும் எடுக்கும்போது முதலில் உங்கள் பணம்தான் போகும். அது தீர்ந்த பிறகுதான் கடன் தொடங்கும். அதுவரை வட்டி இல்லை. வரவாக நிற்கும் பணத்துக்குச் சேமிப்புக் கணக்கு வட்டி தரவேண்டும் என்பதும் திட்டத்தில் உண்டு. தருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். கேட்காதவர்களுக்கு ஞாபகம் வருவதில்லை. ஆனால் அந்த வட்டி சொற்பம். ஆறு மாதம், ஒரு வருடம் தேவைப்படாத பணம் என்றால் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, வைப்பு நிதிக்கு மாற்றிக்கொள்வது மேல். நாலு பேர் சொன்னார்கள் என்று கணக்கையே மூடிவிடாதீர்கள். மறுபடி திறக்க அடங்கல், சிட்டா என்று அலைய வேண்டியிருக்கும்.

வட்டிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்று லட்சம் வரைக்கும் பயிர்க் கடனுக்கு 7 சதவீதம். தவணைக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை, ஆக 4. பெரியவருடைய 38,000-க்கு ஒரு வருடத்துக்கு 2,660 ரூபாய் வட்டி. தவணை தவறாவிட்டால் 1,520. பெரிய தொகை இல்லைதான். ஆனால் கடன் என்றே தெரியாமல் இருந்தால் தவணைத் தேதி எப்படி ஞாபகம் இருக்கும்? தேதி தப்பினால் சலுகை போச்சு. அடுத்த போகத்துக்கு கார்டைப் புதுப்பிப்பதும் இழுபறியாகும். பெரியவரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "நெல்லு வித்ததும் முதல்ல இதைக் கட்டிடறேன்" என்றார். கட்டியும் விட்டார்.

இன்னொன்று. "உங்க கார்டுல பணம் கூடுதலா இருக்கு, திருப்பித் தர்றோம், நம்பர் சொல்லுங்க" என்று போனில் யாராவது கேட்டால் ரகசிய எண்ணையும் சொல்லாதீர்கள், போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் இறந்துபோன தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, கடன் கேட்பார்கள் என்ற பயத்தில் மூன்று வருடம் வங்கிப் பக்கமே போகவில்லை. கடைசியில் நானும் கூடப் போய்ப் பார்த்தால், கணக்கில் கடன் இல்லை. இழப்பீட்டுப் பணம் 14,000 வரவாக நிற்கிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று கொடுத்து வாங்கிக்கொண்டார். பத்து வருடம் யாரும் தொடாத பணத்தை வங்கி, ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்கு அனுப்பிவிடும். அதற்குப் பிறகும் அதே வங்கியில் கேட்டு வாங்கலாம், உரிமை போய்விடாது. உங்கள் கணக்குக்கு வாரிசு நியமனம் பதிவாகியிருக்கிறதா என்று அடுத்த தடவை போகும்போது பார்த்துவிடுங்கள்.

வங்கியில் எழுதிக் கொடுத்தும் 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. எழுதிக் கொடுத்த மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள மறந்துவிடாதீர்கள்.